நாற்காலிக் காவடி

இருதயங்களைக் காப்பாற்றுகிறவர்கள் டாக்டர்கள் என்று நாட்டில் ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது. அறுத்துத் தைப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த இருதயத்தைக் கட்டிக் காப்பது சங்கங்களின் கடமை. அந்தக் கடமையில் பாரதத்துக்கே வழிகாட்டி எங்கள் திருத்தணி நெசவாளர் சங்கம். அதன் துணைத் தலைவன் ராஜகோபால் நான்தான்.

தலைவர் வீரபத்திரன் என் சித்தப்பா மகள் வரலட்சுமியின் கணவர். எண்பத்து மூன்றாம் வருஷம், அறுபதைத் தாண்டிய வயதில், பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டார். "நல்லா நடங்க, வேலைக்குப் போங்க, பழையபடி இருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நோயாளிக்குத் தைரியம் சொல்வது டாக்டர்களின் வழக்கம். அதையெல்லாம் நம்பிவிடலாமா?

உடனே 'இருதயப் பாதுகாப்பு உபகுழு' அமைத்தேன். தலைவரின் நாற்காலி தேக்கில் செய்தது, ரொம்பக் கடினம், புண்பட்ட நெஞ்சுக்கு ஆகாது. எனவே அதில் உட்காரும் கஷ்டத்தை நானே ஏற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டால் இருதயம் களைத்துவிடும் என்பதால் அதையும் நானே போட்டேன்.

தலைவருக்கு நன்றியில்லை. ஒரு நாள் காலையில் சங்கத்து வாசலில் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அபாயகரமான அறிகுறி.

"எழுந்துரு மச்சான். நூல் குடுக்கறத நான் பாத்துக்கறேன். வீட்லயே கம்முனு கெடந்தா பைத்தியம் புடிச்சிடும்யா."

"பேசாதீங்க பாவா. தையல் பிரிஞ்சிடும்."

"தையல் ஆறிப் போய் எத்தினி நாளாவுது!"

"வெளியில ஆறிடுச்சு. உள்ள யாரு பாத்தாங்க?"

குமாஸ்தா கோதண்டம் ஒரு சோடாவை உடைத்து அவர் வாயில் ஊற்றினான். ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். தினமும் நடந்து வருவார், தினமும் ரிக்‌ஷாவில் திரும்புவார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. தலைவர் முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டார்.

"நான் நடந்தே படியேறிட்டா நாக்காலி எனக்கு. இன்னா சொல்றே?"

வேண்டுதலைத் தடுக்கும் அதிகாரம் எந்த உபகுழுவுக்கும் கிடையாது. ஆகையால் ஒரு சிறு திருத்தத்துடன் ஏற்றோம். அவருடைய பாதுகாப்புக்காக அந்த நாற்காலியும் கூடவே மலைக்கு வரும். வழியில் அதில் உட்கார்ந்தவருக்கு ஓய்வு நிரந்தரம்.

சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து, காவடியைத் தோளில் வைத்தார். வரலட்சுமி பயந்த முகத்தோடு பக்கத்திலேயே நடந்தாள். நாற்காலியைத் தூக்கக் கோதண்டம் முன்வந்தான். அதை இன்னொருவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

கொஞ்சம் ஏறியதும், புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி என்னை மறித்தாள்.

"இது இன்னா காவடி நைனா?"

"நாக்காலிக் காவடிம்மா. ரொம்ப நாள் வேண்டுதல்" என்றான் கோதண்டம்.

அவள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். பின்னால் வந்த கூட்டம் "அரோகரா!" என்றது. யாரோ நாற்காலிக் காலில் மயிலிறகு கட்டினார்கள். கழுத்து நொந்து இறக்கப் பார்த்தேன்.

"ஐயையோ, காவடியப் பாதி வழியில எறக்கலாமா? தெய்வக் குத்தமாயிடும்!"

பத்துப் பேர் தாங்கிப் பிடித்து மறுபடியும் தலையில் ஏற்றினார்கள். தலைவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கண் இருட்டியது. தெய்வக் குற்றமாவது, மண்ணாவது! நாற்காலியை நடுப்படியில் இறக்கினேன். உட்கார்ந்தேன்.

காவடி செலுத்திவிட்டுத் தலைவர் இறங்கி வரும்போதும் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

"வழியில உக்காந்தவருக்குத்தான ஓய்வு? என் பேரச் சொல்லலியே மச்சான்?" என்றார்.

"நாக்காலி கெட்டியா இருக்குதான்னு சோதிக்கிறேன் பாவா" என்று இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டேன்.

வரலட்சுமி என் நெற்றியில் விபூதி பூசினாள். என் விரல்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அவருக்கு நெஞ்சயே பொளந்தாங்க, பொழச்சிக்கினாரு. இந்த நாக்காலியிலருந்து பிரிச்சா நீ பொழைப்பியாண்ணா?"