பெட்டிக்குள் மாப்பிள்ளை

பெட்டி மறுபடியும் உய்ங் என்றது.

"சும்மா இருடி," என்று பெட்டிக்காரர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது இன்னும் உரக்க உய்ங் என்றது.

"என்னங்க, சாயங்காலம் அந்த அம்மா வந்துடுவாங்க. ஞாபகம் இருக்கில்ல?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"வரட்டும், வரட்டும். இது என்ன, ஒரு கெபாசிட்டர் சமாச்சாரம். கண்ணை மூடிக்கிட்டு மாத்திடுவேன்."

பெட்டிக்காரர் பெட்டி செய்கிறவர் என்பது தெருவுக்கே தெரியும். என்ன பெட்டி என்பதுதான் பாதிப் பேருக்குத் தெரியாது. மின்சாரத்தைக் கொண்டே புல்லாங்குழல் மாதிரியும், யானை மாதிரியும், இன்னும் யாரும் பெயர் வைக்காத மிருகங்கள் மாதிரியும் சத்தம் எழுப்புகிற சிந்தசைசர் என்கிற வாத்தியத்தை அவர் தன் கையாலேயே பற்றவைத்து, மரப்பெட்டியில் அடைத்து, குமிழ்கள் பொருத்தி விற்கிறார். வியாபாரம் ஜோர். பெயிண்ட் காய்வதற்குள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் அன்றைக்கு அவர் கையிலிருந்தது இந்த ஒரே ஒரு உய்ங்தான்.

வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையும் சிந்தசைசர்தான் செய்கிறார். ஆனால் அவரிடம் பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது, ஒரு திருகாணிகூடக் கிடையாது. எல்லாமே கம்ப்யூட்டருக்குள். "ரெண்டு பேரும் ஒரே தொழில், வீடு கலகலன்னு இருக்கும்" என்று கல்யாணத்தில் வாழ்த்திய சொந்தக்காரர்கள் யாரும் அதன்பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வீடு அவ்வளவு கலகலப்பாக இருந்தது.

"மாப்பிள்ளை, நான் வித்தா வித்ததுதான். நீங்க வித்த பிறகும் மாசாமாசம் சரி பண்ணிக்கிட்டே இருக்கீங்களே, அது என்ன வாத்தியமா, தீராத வியாதியா?"

"உங்க பெட்டி மக்கர் பண்ணினா நீங்க ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறணும் மாமா. நான் உக்காந்த இடத்துலேருந்தே ஊருக்கெல்லாம் சரி பண்ணிடுவேன்."

"ஊருக்கெல்லாம் ஒரே சத்தம்! என் பெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கு."

"நீங்க குணம்னு சொல்றீங்க. நாங்க அதைக் கோளாறுன்னு சொல்லுவோம்."

மரியாதைக்குக் குறைவில்லை. ஒருவரை ஒருவர் 'நீங்க' போட்டுத்தான் கிழித்துக்கொண்டார்கள்.

ஆனால் நிஜமான சண்டை இதுவல்ல. முன்னறைதான் சண்டை. வீட்டிலேயே பெரிய அறை, நல்ல வெளிச்சம், நல்ல காற்று. இப்போது இருவரும் பின்பக்கத்துப் பட்டறையில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், ஆளுக்குப் பாதி மேஜை என்று முட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னறை தனக்குத்தான் என்று இருவருக்குமே அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தத் தைரியத்தில், மோட்டார் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று மாமனார் அந்த அறைக் கதவுக்கு இன்னொரு அடுக்குப் பலகை அடித்து, இடுக்கெல்லாம் ரப்பர் வைத்தார். மாப்பிள்ளை தன் பங்குக்குச் சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, கம்பளி மாதிரி கனத்த திரைச்சீலை மாட்டினார். மனைவி இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

போன வாரம்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஒரு அம்மா வரப்போறாங்க. அவங்களுக்கும் சத்தம் சம்பந்தப்பட்ட வேலைதான். நீங்க ரெண்டு பேரும் வாசிக்கறப்ப அவங்க கேட்டுப் பாக்கணுமாம்."

"எதுக்கு?"

"வந்தா தெரியும். முன்னறை யாருக்குங்கறதும் அன்னிக்கே முடிஞ்சுடும்."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை ஆண்கள் இருவரும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். வருகிறவர் பெரிய இசையமைப்பாளர். வாத்தியம் தேர்ந்தெடுக்க வருகிறார். அவர் யாருடையதை நல்லது என்கிறாரோ அவருக்கு முன்னறை. தோற்றவர் ஆயுசுக்கும் தண்ணீர் மோட்டாரோடு குடித்தனம். கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கெபாசிட்டர் மாற்றியதும் உய்ங் போயிற்று. "பார்த்தியா!" என்று பெட்டிக்காரர் மாப்பிள்ளைகூட இல்லாத பட்டறையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆனால் பெட்டி சூடேறச் சூடேற, சுருதி மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், அது தானாகவே ஊர்வலம் போயிற்று.

"சூடுதானே? காத்து வாங்கிக்கோ," என்று மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார்.

விசிறி இந்தப் பக்கம் திரும்பினால் சுருதி இறங்கியது. அந்தப் பக்கம் திரும்பினால் ஏறியது. பெட்டி தொட்டில் குழந்தை மாதிரி ஆடி ஆடி அழுதது. விசிறியை ஒரே பக்கமாக நிறுத்தினால், அதன் தலை கேட்காமல் தானாகத் திரும்பியது. விசிறியின் கழுத்தை இழுத்துக் கட்டப்போனார். கழுத்து கையோடு வந்துவிட்டது.

பெட்டிக்காரர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டிக்குள்ளே சூடாகிற இடத்தின் மேல் பதமாக வைத்தார். சுருதி கல்லில் பொறித்தது போல நின்றது. "மூளைன்னா இது மூளை!" என்றார்.

பையில் ஓட்டை இருந்தது.

டப் என்று ஒரு சத்தம். ஒரு சுருள் புகை. அதன்பிறகு பெட்டி எந்தக் குணமும் காட்டவில்லை.

"என்னங்க, என்னமோ கருகற வாசனை?"

"ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டுல!"

அப்போதுதான் அவருக்கு உச்சந்தலையில் வேர்த்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வந்துவிடுவார். முன்னறை போனால்கூடப் போகட்டும், நாளைக் காலை டீ குடிக்கும்போது மாப்பிள்ளை சிரிக்கப் போகிற சிரிப்பைத்தான் தாங்க முடியாது. கண்ணை மூடி யோசித்தார். அலமாரி மேல் மகளின் பழைய லேப்டாப் தூங்குவது ஞாபகம் வந்தது. அதில் மாப்பிள்ளை கல்யாணமான புதிதில் ஆசையாகப் போட்டுக்கொடுத்த சிந்தசைசர் இருந்தது. "இதையெல்லாம் நான் தொடுவேனா?" என்று அவர் அதற்கு உரிம எண்கூடப் போடாமல் தூக்கி வைத்திருந்தார்.

செத்த பெட்டியின் குடலைப் பிடுங்கி வெளியே போட்டார். அதற்குள் லேப்டாப்பை வைத்தார். பெட்டியின் கட்டைகளைச் சின்ன ஒயரால் அதில் இணைத்தார். மூடினார். அழுத்தினார்.

அடேயப்பா! அவர் பெட்டியின் சத்தம் அப்படியே வந்தது. சுருதி அசையவில்லை. உய்ங் இல்லை. பெட்டிக்காரருக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "திருட்டுப்பய, எப்படிப் பண்ணியிருக்கான் பாரு," என்று மரியாதையை மறந்து பாராட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள்ளிருந்து மாப்பிள்ளை பேசினார்: "இது சோதனைப் பதிப்பு. தயவுசெய்து வாங்கிப் பயன்படுத்துங்கள்."

பெட்டிக்காரர் துள்ளிக் குதித்தார். உரிம எண் போடாததற்குத் தண்டனையாக மாப்பிள்ளை பதிந்து வைத்திருந்த குரல். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அது வரும். 'பரவாயில்லை, குரல் வர்ற நேரம் பாத்து இருமிடலாம்' என்று முடிவு செய்தார். ஒத்திகையும் பார்த்தார். இருமல் அமோகமாக வந்தது.

அந்த அம்மா வந்தார். கழுத்தில் பெரிய ஹெட்போன், தோளில் கனத்த பை, அதிலிருந்து மைக் ஒன்று எட்டிப் பார்த்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய ஆள்தான், சந்தேகமில்லை.

"வணக்கம்மா. வாங்க, பெட்டியைப் பாருங்க," என்று பெட்டிக்காரர் வழிமறித்தார்.

"பாக்க வேணாங்க. நீங்க உங்க இடத்துலயே இருந்து வழக்கமா எப்படி வாசிப்பீங்களோ அப்படி வாசிங்க. நல்லா சத்தமாவே வாசிங்க. நான் முன்னறையில கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து கேக்கறேன்."

பெட்டிக்காரருக்கு மெய்சிலிர்த்தது. "கேட்டீங்களா மாப்பிள்ளை? எது யாரோடதுன்னு பாக்காம, காதால மட்டும்! இதுக்குப் பேருதான் ஞானம்!"

"நீங்க முதல்ல வாசிங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. அவர் முகம் என்னமோ வெளிறியிருந்தது. 'பயந்துட்டான்' என்று பெட்டிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

முன்னறைக் கதவு சாத்தப்பட்டது. பெட்டிக்காரர் ஒலிபெருக்கியை முழுசாகத் திருகிவிட்டு வாசித்தார். எந்த வேலையும் செய்யாத குமிழ்களை அநியாயத்துக்குத் திருகினார். குரல் வருகிற நேரத்தில் இருமினார். இன்னொரு தரம் இருமினார். மூன்றாம் தரம் தும்மலும் சேர்த்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லையா மாமா?"

"ரசிச்சா எனக்கு இப்படித்தான். நீங்க வாசிங்க."

மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையை மட்டும் மாமனார் கண்ணில் படாமல் திருப்பி வைத்துக்கொண்டு கட்டைகளில் கைவைத்தார். சத்தம் எழுந்தது. கனமாக, வெதுவெதுப்பாக, சுவரைத் தடவுகிற சத்தம். நடுவே ஒரு சுரம் மட்டும் தொண்டை கட்டினது போல லேசாகக் கம்மியது.

பெட்டிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கம்மல் அவருக்குத் தெரியும். அவர் முதன்முதலாகச் செய்த பெட்டியின் கம்மல் அது. எவ்வளவோ முயன்றும் சரிசெய்ய முடியாமல், பிறகு சரிசெய்ய மனசில்லாமல் விட்ட கம்மல். கல்யாணத்துக்கு மகளுக்குச் சீராகக் கொடுத்த பெட்டி! குனிந்து பார்த்தார். மேஜைக்கடியில் ஒரு ஒயர் ஓடி, போர்வை போர்த்திய ஒன்றுக்குள் போய் மறைந்தது.

பெருமை ஒரு பக்கம் இழுத்தது. கோபம் மறுபக்கம் இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாப்பிள்ளை! இது என் பெட்டி!"

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. அந்த நிசப்தத்தில், மூடி வைத்த பெட்டிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் தெளிவாக எழுந்தது: "இது சோதனைப் பதிப்பு. தயவுசெய்து வாங்கிப் பயன்படுத்துங்கள்."

மாப்பிள்ளை பெட்டியின் மூடியைத் திறந்து லேப்டாப்பைப் பார்த்தார்; மாமனார் போர்வையை விலக்கித் தன் பழைய பெட்டியைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் காலையிலேருந்து அப்டேட் ஆயிக்கிட்டே இருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை பரிதாபமாக. "நடுவுல அணைக்கக் கூடாதாம்."

"என்னுதுல ஐஸ் தண்ணி பூந்துடுச்சு."

"ஐஸா?"

"அதை விடுங்க." பெட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க சாமான் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல, மாப்பிள்ளை."

"உங்க பெட்டியில விரல் வெச்சா கையை எடுக்கவே மனசு வரல, மாமா."

ஒரு நிமிஷம் இருவருக்கும் கண் கலங்கிற்று. ஒரே ஒரு நிமிஷம்தான்.

"ஆனா அந்தம்மா முதல்ல கேட்டதுதான் நல்லாயிருக்குன்னு சொன்னா, அது என் ரூம்," என்றார் மாப்பிள்ளை. "உள்ள இருந்தது என் சாப்ட்வேர்."

"வெளிய இருந்தது என் பெட்டி! ரெண்டாவதுன்னா அதுவும் என்னுது! எப்படிப் பாத்தாலும் ரூம் எனக்குத்தான். வாங்க, அந்தம்மாவையே கேப்போம்!"

இருவரும் இடித்துக்கொண்டு ஓடினார்கள். முன்னறை வாசலில் மனைவி ஏற்கெனவே நின்றிருந்தாள், முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு. பெட்டிக்காரர் இரட்டைப் பலகைக் கதவை மூச்சுவாங்கத் தள்ளித் திறந்தார்.

உள்ளே அந்த அம்மா ஒரு தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால் கண்ணைமூடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா!" என்றார் பெட்டிக்காரர். "முதல்ல வாசிச்சதா, ரெண்டாவது வாசிச்சதா?"

அந்த அம்மா கண்ணைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினார். முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, வாசிச்சே முடிச்சுட்டீங்களா? ஒரு பொட்டுச் சத்தம்கூட மைக்குல விழலையே! அக்கா, நீங்க சொன்னது அப்படியே சரி. புத்தகம் வாசிச்சுப் பதிவு பண்றதுக்கு இதைவிட அமைதியான ரூம் கிடைக்காது. குடுங்க சாவியை, இன்னிலேருந்தே வாடகைக்கு வந்துடறேன்."