எஸ்டாப்பல் சாரும் ஏலக்கூடமும்

பொன்னேரி கோர்ட்டில் வாய்தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எஸ்டாப்பல் சாரிடமிருந்து தப்பித்தவர் கிடையாது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வக்காலத்துக் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. பல வருஷம் பக்கத்து மேஜையில் தொழில் செய்யும் எனக்கே அதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எஸ்டாப்பல் என்பது சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி. சட்டத் தமிழில் முரண்தடை. ஒருவர் தன் பேச்சாலோ செய்கையாலோ இன்னொருவரை நம்பவைத்து, அவரும் அதை நம்பி ஒரு காரியம் செய்துவிட்டால், பிறகு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பல்டி அடிக்க முடியாது. சாருக்கு உலகத்திலேயே இதைவிட அழகான விஷயம் கிடையாது.

கேன்டீன்காரர் ஒருநாள், "உக்காருங்க சார், வடை வந்துகினே கீது" என்றார். வடை வரவில்லை, மாவு தீர்ந்துவிட்டது. அவரை நம்பி எதிர்க்கடை போண்டாவை இழந்ததாக வாதாடி, புதிதாக மாவு அரைக்க வைத்துவிட்டார் சார். கல்யாணமான நாளிலிருந்து 'சரி' என்ற சொல்லையே தான் பயன்படுத்துவதில்லை என்பார் சாரின் மனைவி.

வாடகை வழக்கு, வாய்க்கால் வழக்கு எதுவானாலும் எஸ்டாப்பலை இழுப்பார். "சொன்னதெல்லாம் இருக்கட்டும், அதை நம்பி உங்கள் கட்சிக்காரர் என்ன செய்தார்?" என்று கேட்டு நீதிபதிகள் தள்ளுபடி செய்வார்கள். சாருக்கு முகம் வாடாது. விதி சரிதான், தன் வழக்குதான் தப்பு என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஏகவள்ளி வந்தார். ஏரியில் பிடிக்கும் இறாலையும் நண்டையும் ஏலம் விடக் குப்பத்தார் ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். அந்த இடத்துக்கு உல்லாச விடுதிக்காரர்கள் விலை பேசியதும், கூடத்தை அகற்றச் சொல்லி நிலக்காரர் வழக்குப் போட்டுவிட்டார். நிலம் அவருடையதுதான். மற்ற வக்கீல்கள் கைவிரித்துவிட்டார்கள். கூடம் போனால் சரக்கு வெயிலில் கெடும். வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

"கட்டிக்கோங்கன்னு அவருதான் சார் சொன்னாரு. அத நம்பித்தான் பழைய கூடத்தப் பிரிச்சிட்டு அவரு எடத்துக்கு வந்தோம். இப்ப இன்னா பண்றது?" என்றார் ஏகவள்ளி.

சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பேரன் பிறந்த சேதி கேட்டவர் மாதிரி இருந்தது முகம்.

நிலக்காரர் கூண்டில் ஏறி, கூடம் கட்டியதே தனக்குத் தெரியாது என்றார். குறுக்கு விசாரணைக்குச் சார் எழுந்தார். அரை நாள் போகும் என்று நாங்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தோம். அவரோ கூடத்தின் தரை தாழ்வு என்றும், மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்றும் மிகவும் வருத்தப்பட்டு, இவ்வளவு மோசமாகவா கட்டுவார்கள் என்று கேட்டார்.

நிலக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி வரும்? ரெண்டு வரிசை கல்லு ஏத்திக் கட்டுங்கன்னு கூடவே நின்னுகினு சொன்னது நான். போன மழைக்கு ஒரு சொட்டு வரலியே."

"வேறு கேள்வி இல்லை" என்று சார் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி தலைகுனிந்து எழுத ஆரம்பித்தார்.

கூடம் இருக்கிற இடம் மட்டும் போதும் என்று ஏகவள்ளியும் கூண்டில் ஏறிச் சொன்னார். நிலம் நிலக்காரருடையதே, ஆனால் கூட நின்று கட்டவைத்தவர் இப்போது கூடத்தை எடுக்கச் சொல்ல முடியாது என்று தீர்ப்பு வந்தது.

ஜெயித்த வேகத்தில் குப்பத்தார், படகு இன்ஜின்கள் வைக்கப் பக்கத்திலேயே இன்னொரு கொட்டகைக்கு முளை அடித்துவிட்டார்கள். நிலக்காரர் சோர்ந்துபோய் அந்தப் பக்கமே வரவில்லை. சேதி தெரிந்ததும் சார் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"கூடம் இருக்கிற எடம் மட்டும் போதும்னு கோர்ட்ல நீங்கதானம்மா சொன்னீங்க? அதை நம்பித்தானே ஜட்ஜ் தீர்ப்பு எழுதினார்?"

ஏகவள்ளி சற்று யோசித்தார். "ஆமா சார், சொன்னேன்" என்று தானே போய் முதல் முளையைப் பிடுங்கினார்.

இது நிலக்காரர் காதுக்கு எட்டியது. சில வாரம் கழித்து அவரே எங்களைக் குப்பத்துக்கு வரச்சொல்லி, கொட்டகைக்கும் இடம் விட்டு எழுத்திலேயே கொடுத்தார். ஊரே கைதட்டியது. சாருக்கு மட்டும் லேசான வருத்தம். எழுதிக் கொடுத்துவிட்டால் எஸ்டாப்பலுக்கு வேலை இல்லையாம்.

அன்று திரும்பும் பஸ்ஸில், ஏகவள்ளி கொடுத்த நண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். பொன்னேரி வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அதைத் தாண்டி மீஞ்சூர் வரைக்கும் டிக்கெட்டை நீட்டி எடுத்துக்கொண்டேன்.