தலைவர் கையில் கத்தி

இளைஞர்களை மீட்டே தீருவது என்று டூகல் மெக்கிர்டி சங்கல்பம் செய்துகொண்டார். எந்த இளைஞனும் தன்னை மீட்கச் சொல்லி அவரிடம் மனுப் போடவில்லை. மீட்க வேண்டியிருந்தது அவருடைய நாற்காலியைத்தான்.

கிளென்மோர் ஸ்காட்லாந்து மரபுச் சங்கத்துக்கு அவர் பத்தொன்பது வருஷமாகத் தலைவர். நியூசிலாந்தின் தென்கோடியில் ஆடு அதிகம், ஆள் குறைவு. அந்தக் குறைவிலும் சங்கத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர், அத்தனை பேரும் ஆண்கள். செயலாளர் மன்ரோ கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டே தூங்கிவிடுவார். பத்துப் பேர் எழுபதைத் தாண்டியாயிற்று. டூகலுக்கு அறுபத்தெட்டு. ஆகவே அவர்தான் இளைஞர் அணி.

மாவட்டத் தலைமையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஜூன் மாத ஆண்டுக் கூட்டத்துக்குள் முப்பது வயதுக்குக் கீழே பத்துப் பேராவது சேராவிட்டால், சங்கத்தைப் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு இணைத்துவிடுவார்களாம். இணைத்தால் பதவி போகும். பதவி போனால் கத்தி போகும்.

கத்திதான் அவருக்கு உயிர். நடுக்குளிர்கால விருந்தில் பைப் வாத்தியம் முழங்க, ஆட்டு ஈரலும் ஓட்ஸும் அடைத்து அவித்த ஹாகிஸ் தட்டில் ஏறி ஊர்வலம் வரும். தலைவர் கில்ட் பாவாடையோடு எழுந்து, கத்தியை ஓங்கி, அதன் வயிற்றில் ஒரே குத்து! சபை கைதட்டும். முந்தின நாள் முழுக்க நின்று அதை அடைத்து, தைத்து, அவித்த மனைவி எஃபி அந்நேரம் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். விதிப்படி பெண்கள் உறுப்பினராக முடியாது. ஆனால் ஒவ்வொரு அழைப்பிதழின் அடியிலும் டூகல் மறக்காமல் தன் கைப்பட எழுதுவார்: 'பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவரவும்.'

இளைஞர்களை இழுக்க அவர் கண்ட வழி, குலத்துக்குக் குலம் மாறும் துணிக் கட்டங்களைப் பற்றி மூன்று மணி நேரச் சொற்பொழிவு. ஊரெல்லாம் சுவரொட்டி. ஒரு பையன் வந்தான். கழிவறை எங்கே என்று கேட்டான். காட்டினார்கள். போனவன் அப்படியே வீட்டுக்கும் போய்விட்டான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க ரத்தத்துல சூடே இல்ல, எஃபி!"

"மூணு மணி நேரமா? நம்ம கல்யாணமே இருபது நிமிஷத்துல முடிஞ்சுதுங்க."

"அதுல பேசறதுக்கு என்ன இருந்துச்சு?"

"எனக்கு நிறைய இருந்துச்சு. யாரு கேட்டா?"

"பெரிசா பேசுற! நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"பத்து என்ன, இருபது பேரைக் கூட்டியாரேன்."

"நீயா! புதன்கிழமை புதன்கிழமை பின்னல் வகுப்புன்னு ரெண்டு வருஷமா போற. ஒரு ஜோடி காலுறை வந்துச்சா வீட்டுக்கு?"

"வரலன்னு கவனிச்சீங்களே, அதுவே பெரிய விஷயம். ரெண்டே ரெண்டு விதியை மாத்துங்க. பொண்ணுங்களும் சேரலாம். சேர்ந்த அன்னைக்கே ஓட்டு."

டூகல் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பெண்கள் வந்தால் ஆடுவார்கள், தேநீர் ஊற்றுவார்கள், படத்தில் சிரிப்பார்கள். ஓட்டா? போட்டி இருந்தால்தானே ஓட்டு! பத்தொன்பது வருஷமாக எதிர்த்து நின்றவன் எவன்? மன்ரோவை உலுக்கி எழுப்பி விதியைத் திருத்தினார். தன் தொலைநோக்கைத் தானே வியந்தார். வியக்க வேறு ஆள் கிடையாது.

ஆண்டுக் கூட்டத்தன்று கூடத்தின் கதவு திறந்தது. ஊர் நெட்பால் அணி மொத்தமும் வந்தது. கம்பளி கத்தரிக்கும் பெண்கள் சேற்று பூட்ஸோடு வந்தார்கள். ஜோடி குறையக் கூடாதென்று நாலு பையன்களும் வந்தார்கள். மொத்தம் இருபத்தாறு பேர். வாசலில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டு எட்டுப் பேராக நின்று பழைய வட்ட ஆட்டத்தை ஒரு அடி பிசகாமல் ஆடிக் காட்டினார்கள். மிஞ்சிய இருவர் தாளம் போட்டார்கள்.

டூகல் வாயைப் பிளந்தார். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"புதன்கிழமை ஸ்கூல் கூடத்துல, தாத்தா. எஃபி அக்காகிட்ட," என்றாள் கத்தரிக்கும் கூட்டத்துக் கிர்ஸ்டி.

அவர் தாத்தாவாம், அவள் அக்காவாம்! பின்னல் வகுப்பில் ஏன் காலுறை வரவில்லை என்பது டூகலுக்கு அப்போதுதான் உறைத்தது. போகட்டும், தலை எண்ணிக்கை தேறிவிட்டது. நாற்காலி பத்திரம்.

"தலைவர் பதவிக்கு?" என்றார் மன்ரோ.

டூகல் அடக்கமாகப் பாதி எழுந்தார்.

"எஃபி மெக்கிர்டி!" என்றாள் கிர்ஸ்டி.

"அவ உறுப்பினரே இல்லையே!"

"வாசல்ல முதல் கையெழுத்தே அவங்களோடதுதான் தாத்தா. நீங்க மாத்துன விதிதானே?"

கைகள் உயர்ந்தன. கிழவர்கள் வரிசையிலும் உயர்ந்தன. பத்தொன்பது வருஷமாக எஃபியின் பலகாரத்தைத் தின்றவர்கள் அல்லவா? மன்ரோவும் கை தூக்கினார். அந்த ஒரு நேரம் பார்த்து மனுஷன் விழித்திருந்ததுதான் டூகலுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலை ரோஷத்தை விழுங்கிக்கொண்டு எஃபியிடம் வந்தார்.

"தலைவியா நீயே இரு. நான் ஒண்ணும் சொல்லல. விருந்தன்னைக்குக் கத்தி மட்டும்... என் கையில இருக்கட்டுமே."

"உங்க கையில இல்லாம வேற யாரு கையில இருக்கும்?"

டூகலுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் நாற்பது வருஷத்துத் தாம்பத்யம்.

எஃபி இழுப்பறையைத் திறந்து, வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சீஸ் ரோல், நாப்பது. ஓரம் கருகக் கூடாது."

"நானா? எதுக்கு?"

எஃபி புது அழைப்பிதழை நீட்டினாள். அடியில் அவள் கைப்பட எழுதியிருந்தது: 'ஆண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவரவும்.'