சூசை மாமா தொடாத பிரேக்

எனக்குக் காரோட்டத் தெரியாது. ஆனால் ஒருத்தன் ஒழுங்காக ஓட்டுகிறானா இல்லையா என்று அவன் காலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரோட்டில் போகிறவர்களையெல்லாம் தலைதெறிக்க ஓட வைக்கிறவன் முகம்தான் ரொம்பச் சாந்தமாக இருக்கும். இந்த ஞானம் எனக்கு வந்தது என் கல்யாணத்தன்று. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒரு கதை ஓடுகிறது: "மேரி லோரியக் கவுத்துட்டு நடந்தே கோயிலுக்கு வந்தவ." அநியாயம்! லோரி கவிழவே இல்லை. சாய்ந்தது, அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். நாங்கள் பெக்கோக் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருந்தோம். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஆரோக்கியம் அடுத்த எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. "கல்யாணம் ஆனவன் பேர இந்தத் தடவை எழுத மாட்டேன். ஆனா நாளைக்குள்ள தாலி கட்டியிருக்கணும்" என்று பேர்ப்பட்டியல் எழுதுகிற எஸ்டேட் கிராணி அவரிடம் சொல்லிவிட்டார். சாமியாரோ லாபிஸ் பக்கமிருந்த சின்ன மாதா கோயிலுக்கு எப்போதாவதுதான் சைக்கிளில் வருவார்; எங்கள் அதிர்ஷ்டம், மறுநாள் வருவதாக இருந்தது. இருட்டினால் வழியில் விடமாட்டார்கள் என்று மத்தியானமே கிளம்பியும் விடுவார். அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் மாப்பிள்ளை சயாமுக்கு.

எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர் என் அம்மாவின் தம்பி சூசை மாமா. எஸ்டேட் லோரி டிரைவர். அப்போது பெட்ரோல் ஏது? லோரிக்குப் பின்னால் ஓர் இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். மேட்டைக் கண்டால் அதற்கு மூச்சு வாங்கும். அதனால் மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார்: இறக்கத்தில் பிரேக் போடவே கூடாது, வருகிற வேகத்தை விட்டால் அடுத்த மேடு ஏறாது. குறுக்கே வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும். (ரோடு இவர் தாத்தா போட்டது பாருங்கள்!) "ஜப்பான்காரன் வந்ததிலேருந்து என் பிரேக் தேயவே இல்ல லா" என்று கடைத்தெருவில் பெருமை வேறு.

நான் கட்டியிருந்தது எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் இரவல் வாங்கிய வெள்ளைப் புடவை. துணியே கிடைக்காத காலம். கரி பட்டுவிடும் என்று என்னை மட்டும் முன்னால் மாமா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களெல்லாம் பின்னால். ஏறும்போதே அம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

"தலையக் குனிஞ்சு உக்காரு. கோயில் போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. கல்யாணப் பொண்ணு வாயாடுறான்னு யாரும் சொல்லப்படாது."

தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் நான். ஆனாலும் அன்றைக்கென்று பார்த்து நல்ல பிள்ளையாகிவிட்டேன். (அசடு! அசடு!) தலையைக் குனிந்தால் என்ன தெரியும்? என் மடி தெரிந்தது, அதைத் தாண்டி மாமாவின் கால்கள் தெரிந்தன. கீழே மூன்று மிதிகள். ஓரத்தில் இருந்த இரண்டையும் மாறி மாறி மிதித்தார். நடுவில் இருந்ததில் தூசி படிந்து கிடந்தது. என் புத்திக்கு அது அழகுக்கு வைத்தது என்று பட்டது.

கொஞ்ச தூரம் போனதும் வெளியே "ஐயோ" என்று ஒரு சத்தம், பின்னாலேயே தொப்பென்று ஒரு சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளோடு சாக்கடையில் உட்கார்ந்திருந்தார். மரவள்ளிக்கிழங்கெல்லாம் ரோட்டில் உருண்டது. "கிலாக்கா!" என்று கத்தினார். (பைத்தியமா என்று கேட்டார். நியாயமான கேள்வி.)

"சைக்கிள் ஓட்டத் தெரியாதவனெல்லாம் ரோட்டுக்கு வந்துடுறான்" என்றார் மாமா. கால் அசையவில்லை. நடுமிதியில் தூசி அப்படியே இருந்தது. அலமாக், அதுதான் பிரேக்கா! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாயைத்தான் திறக்கக் கூடாதே, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மிதியையே பார்த்தேன். ஒரு நீளமான இறக்கம் வந்தது.

"கீழ பாலத்துல ஜப்பான்காரன் நிக்கிறான்" என்றார் மாமா, மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி. அங்கே குறுக்கே கட்டை போட்டிருக்கும். தூரத்திலேயே நிறுத்தி, இறங்கி, குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் சுடுவான்.

மாமாவின் காலைப் பார்த்தேன். அசையவில்லை.

"மாமா, பிரேக்க மிதிங்க."

"பொண்ணு பேசக்கூடாது."

"மிதிங்க மாமா!"

"லோரிச் சத்தம் கேட்டா அவனே கட்டையத் தூக்குவான் லா. இப்ப நின்னா அந்தப் பக்கத்து மேடு ஏறாது. உன் கல்யாணத்துக்குத்தான் பாக்குறேன்."

தலையைத் தூக்கினேன். அவன் தூக்கியது கட்டையை இல்லை, துப்பாக்கியை. அதற்கு மேல் என்ன மரியாதை? புடவையைச் சுருட்டிக்கொண்டு, வலது காலை நீட்டி, நடுமிதியை என் பலம் முழுவதும் கொடுத்து மிதித்தேன்.

பிரேக் அருமையாகப் பிடித்தது. (தேயாமல் வைத்திருந்தாரே!) லோரி கிறீச்சென்று திரும்பி, ஓரத்து மரவள்ளித் தோட்டத்தில் புகுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் செடிகளுக்கு நடுவில் விழுந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் எலும்பு முறியவில்லை. டிரம்மின் மூடி திறந்துகொண்டது. இறங்கிப் பின்பக்கம் ஓடிய என் மேல் கரியும் சாம்பலும் அப்படியே கொட்டின.

ஜப்பான்காரன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். எல்லோரும் வரிசையாக நின்று குனிந்தோம். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "பிரேக் ரோசாக், துவான்!" என்றார். பிரேக் கெட்டுப்போச்சாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறக்கப் போனேன், அம்மா இடுப்பில் கிள்ளினார். ஜப்பான்காரன் மாமாவை ஓங்கி ஓர் அறை விட்டு, தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னான். எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். எனக்குப் பாவமாகவே இல்லை. வாயில்லாத பிரேக் மேல் பழியைப் போட்டவர்தானே, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிச்ச வழியை ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம். கோயில் வாசலில் சாமியார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, கல்யாணம்!"

"நல்லதும்மா. பொண்ணு எங்க?"

"நாந்தான் சாமி பொண்ணு!"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களா என்று. ("கரி விக்க வந்த பொண்ணுன்னு நெனச்சேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.) அந்தக் கோலத்திலேயே தாலி ஏறியது. கிராணி சொன்னபடி மாப்பிள்ளை பேரை எழுதவில்லை. அந்தத் தடவை அவர் எஸ்டேட் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

புடவையைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரசர் வீட்டம்மா விரித்துப் பார்த்து, "நீரே வைச்சிரும் பிள்ளை" என்று விட்டார்.

மாமா சாகும்வரை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொன்னார்: "பிரேக் பிடிக்கல. அதுக்குள்ள இந்தப் பொண்ணு காலக் குறுக்க விட்டு லோரியக் கவுத்துடுச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். அவர் காலைப் பார்த்த ஒரே சாட்சி நான், என்னை ஒருத்தராவது கேட்டார்களா? இப்போது அவர் பிள்ளைகள் சொல்கிறார்கள். பேப்பரைப் பிரித்தாலும் இதே கதைதான், எங்கே மோதினாலும் பிரேக் பிடிக்கவில்லையாம். கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று எவனும் கேட்பதில்லை!

நாங்கள் இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகனோடு இருக்கிறோம். காரில் முன்னால் நான்தான் உட்காருவேன். இறக்கம் வந்தால் என் வலது கால் தானாக நீண்டு தரையை மிதிக்கும். அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு ஓட்டையாகிவிட்டது. போன வாரம் மகன் சலித்துக்கொண்டான்.

"அம்மா, அங்க பிரேக்கே இல்ல. சும்மா எதுக்கு மிதிக்கிறீங்க?"

பின்னால் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"டேய், அந்தக் கால் அன்னிக்கு மிதிக்கலன்னா நான் சயாம்ல கிடந்திருப்பேன். நீ பொறந்தே இருக்க மாட்ட. மெதுவா போடா."

மகன் வேகத்தைக் குறைத்தான். (பிரேக்கை மிதித்துத்தான். நான் பார்த்தேன்.)