சூசைக்குச் சேர வேண்டிய பன்

"இந்தப் புஸ்தகத்துப்படி நீ கிறிஸ்தவனே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, பங்குச்சாமியார் ராயப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பாக்கியநாதன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "இன்னொரு வாட்டி பாருங்க சாமி. நாப்பத்தொம்பதுல பொறந்தேன். இதே திருவண்ணாமலைல, பெரியாஸ்பத்திரில. ஞானஸ்நானமும் இங்கயே ஆயிடுச்சுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

"நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது, அம்பது, மூணு வருஷமும் பாத்தாச்சு. மாட்டு வைத்தியர் புள்ள இருக்கான். போஸ்ட்மேன் பொண்ணு இருக்கு. இதோ, அப்பா அம்மா பேரே எழுதாத குழந்தை ஒண்ணு, அதுகூட இருக்கு. பாக்கியநாதன் மட்டும் இல்ல."

"அப்பன் ஆத்தா தெரியாத புள்ளைக்குக்கூட எழுத்து இருக்கு, எனக்கு இல்லையா சாமி?" என்றான் பாக்கியநாதன். முகம் தெரியாத அந்தக் குழந்தைமேல் அவனுக்குப் பொறாமையே வந்துவிட்டது.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து மாசி மாதம், வியாழக்கிழமை. வருகிற திங்கட்கிழமை அவனுக்கும் கீழ்பென்னாத்தூர் மாசிலாமணியின் மகள் சலேத்மேரிக்கும் கல்யாணம். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு முடிந்துவிட்டது, மூன்றாவது பாக்கி. திங்களை விட்டால் புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் மேளச் சத்தம் கிடையாது. சத்திரம், பந்தல், சமையல்காரர் எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஞானஸ்நானச் சான்று ஒன்றுதான் குறை.

கேட்டுச் சொல்வதற்கும் ஆளில்லை. அவனைப் பெற்றதுமே அம்மா கண்ணை மூடிவிட்டாள். காட்பாடியில் ரயில்வே கேங்மேனாக இருந்த அப்பா அருளப்பன், அவனுக்கு ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். போர்டிங்கில் வளர்ந்து, குமாஸ்தா வேலை கிடைத்து, பிறந்த ஊருக்கே வந்து மூன்று வருஷமாகிறது.

மனம் கனத்து வெளியே வந்தவனை, மாதா கோயில் எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரஹமத்துன்னிசா கூப்பிட்டாள். ஊருக்கெல்லாம் அவள் பீபிம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு போட்ட கடை. வியாபாரத்தைவிட விசாரிப்பு அதிகம்.

"இன்னா சூசை, மூஞ்சி ஏன் இப்டி தொங்குது? கல்யாணப் புள்ள மாதிரியா கீறே?"

"பீபிம்மா, என் பேரு பாக்கியநாதன்."

"செரி செரி. டீ சக்கரை ஜாஸ்தி போட்டிருக்கேன். இந்தா, பன்னு. இது காசுக்கில்ல சூசை."

இது மூன்று வருஷக் கதை. முதல் நாள் டீ குடிக்க வந்தபோதே அவள் ஊர், பேர், அப்பா, அம்மா எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சரியாகப் பிடித்துக்கொண்டு, பேரை மட்டும் தப்பாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினம் ஒரு பன் இலவசம். யாரோ சூசை என்ற புண்ணியவானுக்குச் சேர வேண்டிய பன்னை, ஆள் மாறாட்டத்தில் தான் தின்று கொண்டிருக்கிறோம் என்பது பாக்கியநாதனின் முடிவு. எத்தனையோ முறை மறுத்துப் பார்த்தான். பன்னோ சூடாக இருக்கும், வாசனையாக இருக்கும். சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, "பிறருக்குரிய பன்னைத் தின்றேன் சாமி, ஆறு முறை" என்று அறிக்கையிடுவான். மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம் கிடைக்கும். திங்கட்கிழமை மறுபடியும் பன்.

அன்றும் தின்றான். தின்றுகொண்டிருக்கும்போதே ஒரு யோசனை வந்தது. ஒருவேளை அப்பா காட்பாடியில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால்?

வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தான். பக்கத்து மேசை தசரதன் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாய்யா காரணம் போட்டிருக்கே? ‘நான் கிறிஸ்தவன் என்பதற்கான சான்று பெற.’ தினம் நாலு பேரை, சர்டிபிகேட் இல்லன்னு வெயில்ல திருப்பி அனுப்புவியே, இப்ப உனக்கே இல்லையா?"

பாக்கியநாதன் நேற்றுதான் ஒரு கிழவரை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தான். பஸ் போளூர் தாண்டும் வரைக்கும் அந்த முகம் நினைவில் இருந்தது.

காட்பாடிச் சாமியார் மிகவும் நல்லவர். இரண்டு மணி நேரம் எல்லாப் புத்தகத்தையும் புரட்டினார். இல்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பாக்கியநாதனும் முத்திரையைப் பார்த்த சந்தோஷத்தில் வாங்கிக்கொண்டு வந்து ராயப்பர் சாமியாரிடம் நீட்டினான்.

சாமியார் படித்தார். "‘மேற்படி பாக்கியநாதன் எங்கள் பங்கில் ஞானஸ்நானம் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்.’ ஏம்ப்பா, நேத்து வரைக்கும் வெறும் சந்தேகமா இருந்துது. இப்ப அதுக்கு ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிட்டு வந்திருக்கியே?"

சனிக்கிழமை மாலை, மனசாவது லேசாகட்டும் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். பலகைக்கு அப்பாலிருந்து பெருமூச்சு கேட்டது.

"பாக்கியநாதா, ஞானஸ்நானந்தான் மொதல் வாசல். அதே சந்தேகத்துல நிக்கும்போது நான் எப்படி மன்னிப்பு குடுப்பேன்? அது தெளியட்டும், அப்புறம் வா."

"அப்ப இத்தினி வருஷமா சொன்ன பாவமெல்லாம்?"

"ஞானஸ்நானம் ஆனா எல்லாம் ஒண்ணா கழுவிடும். கவலப்படாத."

"பன்னு..."

"அதுவுந்தான். போ."

ஞாயிறு பூசை. கோயில் நிறைய ஜனம். சாமியார் இரக்கப்பட்டு, சான்று வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மூன்றாவது ஓலையை வாசித்தார்: "காலஞ்சென்ற அருளப்பன் மகன் பாக்கியநாதனுக்கும், மாசிலாமணி மகள் சலேத்மேரிக்கும் நாளைய தினம் திருமணம். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் ஓர் ஆள் எழுந்து நின்றான். மாப்பிள்ளையேதான்.

சாமியார் கண்ணாலேயே "உட்காரு" என்றார். பாக்கியநாதனுக்கோ, ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு உட்காரத் தெரியவில்லை.

"சாமி, எனக்குத் தெரியும்ங்க ஒரு தடை. மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானமே ஆகலை போலிருக்குதுங்க."

பூசை முடிந்து வெளியே வருவதற்குள் கித்தேரியம்மாள் வழிமறித்தாள். இடுப்பில் பிள்ளை. பாக்கியநாதன் இந்த மூன்று வருஷத்தில் நாலு குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறான். அதில் இது மூன்றாவது.

"ஏங்க, நீங்களே நனையலன்னா எம்புள்ளைய எப்டிங்க தாங்கினீங்க? இப்ப இவனுக்கு ஞானத்தகப்பன் யாரு? நீங்க போட்ட வெள்ளி அரைஞாண வெச்சுக்கறதா, குடுத்துடறதா?"

"வெச்சுக்கோங்கம்மா. எல்லாம் சரியாயிடும்" என்றான். பிள்ளை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதற்கு மட்டும் அவன்மேல் சந்தேகம் ஏதும் இல்லை.

அடுத்து மாசிலாமணி. வேர்க்கடலை வியாபாரி, ஆறடி உயரம், மேல்துண்டு எப்போதும் விறைப்பாக இருக்கும். சாமியாரின் அறையில் நின்றே பேசினார்.

"சாமி, சொந்தபந்தம் முழுக்க வேதக்காரக் குடும்பம்னு சொல்லி வெச்சிருக்கேன். மாப்பிள்ளை எழுந்து நின்னு இல்லைங்கறாரு. சந்தி சிரிக்குது."

"சந்தேக ஞானஸ்நானம்னு ஒண்ணு இருக்கு மாசிலாமணி. ‘நீ முன்னமே பெறாதிருந்தால்’னு சொல்லி ஊத்தறது. சாயங்காலமே முடிச்சுடலாம்."

"முடிங்க சாமி, நல்லது. ஆனா நேத்து நனைஞ்ச மாப்பிள்ளைக்கு இன்னைக்குப் பொண்ணு குடுத்தாருன்னு எனக்குப் பேரு வேணாம். சாயங்காலத்துக்குள்ள பழைய எழுத்து கெடைச்சா நாளைக்குக் கல்யாணம். இல்லன்னா ஈஸ்டர் கழியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

அவர் குரலில் இருந்த ‘பார்த்துக்கலாம்’ பாக்கியநாதனுக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஆபீசில் தினமும் அவனே சொல்வது. அதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும்.

கதவோரம் நின்ற சலேத்மேரி வாய் திறந்தாள். "அப்பா, நாப்பது நாள் காயப்போட்டா மட்டும் அவரு வேற ஆளா ஆயிடுவாரா?"

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். அத்தினி பேர் மத்தியில எழுந்து நின்னு தன்மேலயே புகார் சொன்னாரே, அந்த மாதிரி ஆளு நம்ம சொந்தத்துல ஒருத்தராவது இருக்காங்களான்னு யோசிச்சுட்டு இருக்கேன்."

பாக்கியநாதனுக்குக் கண் கலங்கியது. இந்தப் பெண்ணை இழந்துவிடக் கூடாதே மாதாவே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

சாயங்காலம் ஐந்து மணி. ஞானஸ்நானத் தொட்டி ஓரமாகப் பாக்கியநாதன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு குனிந்து நின்றான். சாட்சிக்கு மாசிலாமணி, பக்கத்தில் சலேத்மேரி, மெழுகுவர்த்தியோடு கித்தேரியம்மாள். பழைய எழுத்து ஏதும் கிடைக்கவில்லை. கல்யாணம் நாளைக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

சாமியார் சொம்பைச் சாய்த்தார். "பாக்கியநாதா, நீ முன்னமே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்..."

"யா அல்லா!" என்று வாசலில் ஒரு கூச்சல். கல்யாண வீட்டுக்கென்று சொல்லி வைத்திருந்த பன் கூடையோடு வந்த பீபிம்மா, கூடையை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

"சூசைக்கு இன்னா ஆச்சு? காலைலகூட நல்லாத்தானே இருந்தான்! சாவப் போறானா சாமி?"

"பீபிம்மா, இவன் சூசை இல்ல. அவனுக்கு ஒண்ணும் ஆகவும் இல்ல. எதுக்கு அழுவுறீங்க?"

"ஏன் மறைக்கிறீங்க? சாவப் போற புள்ளைக்குத்தானே இப்டி தலைல தண்ணி ஊத்துவாங்க? அந்தக் காலத்துல ஆஸ்பத்திரில சிஸ்டரம்மா அப்டித்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

சாய்ந்த சொம்பு அந்தரத்தில் நின்றது.

"எந்த ஆஸ்பத்திரில? என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று சாமியார் மெதுவாகக் கேட்டார்.

"பெரியாஸ்பத்திரில, நான் ஆயாவா இருந்தப்ப. ரயில்லேந்து ஒரு பொம்பளைய நெனவில்லாம எறக்கிக் கொண்டாந்தாங்க. பேர், ஊர் ஒண்ணும் தெரியாது. கழுத்துல உங்க ஜெபமாலை. புள்ளையப் பெத்துப் போட்டுட்டு அவ போயிட்டா. புள்ளைக்கும் மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துது. சிஸ்டரம்மா ஊருல இல்ல. ஆத்தாக்காரி உசிரோட இருந்தா இதத்தானே செஞ்சிருப்பான்னு, அவங்க சொல்லிக் குடுத்தாப்பல..."

பீபிம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையை விரித்து, தப்பில்லாமல் சொன்னாள்: "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே..."

சாமியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரிசுத்த ஆவியை இஸ்பிரீத்துசாந்து என்று சொன்ன, முப்பது வருஷத்துக்கு முந்திய பழைய வாசகம். இந்தத் தலைமுறையில் அவருடைய உபதேசியாருக்கே அது சரியாக வராது. சொம்பைக் கித்தேரியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, அறைக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். போஸ்ட்மேன் பெண்ணைத் தாண்டி, அந்தத் தாய் தகப்பன் பேர் எழுதாத வரியில் விரலை வைத்தார். வியாழக்கிழமை அந்த வரியை அவர் பாதிதான் படித்திருந்தார்.

"‘சூசை. ஆஸ்பத்திரிக் குழந்தை. மரண ஆபத்தில் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர், ஆயா ரஹமத்துன்னிசா.’"

"ரெண்டு நாள் கழிச்சு அப்பங்காரரு அருளப்பன் காட்பாடிலேந்து வந்து அழுதாரு. தண்ணி ஊத்தியாச்சுன்னு சொன்னேன், கும்பிட்டுட்டுத் தூக்கிட்டுப் போனாரு" என்றாள் பீபிம்மா. "கோயில் புஸ்தகத்துல எழுத ஒரு பேரும் வெக்கணும்னாங்க. எனக்குத் தெரிஞ்ச வேதக்காரன் பேரு ஆஸ்பத்திரித் தோட்டக்காரன் சூசை ஒருத்தன்தான்."

மாசிலாமணி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "சாமி, இவங்க நம்ம வேதமில்லையே. செல்லுமா?"

"தண்ணி, அந்த வார்த்தை, செய்யணுங்கற மனசு, இது மூணும் போதும். ஆபத்துக்கு யாரு ஊத்தினாலும் செல்லும். நான் ஊத்தறதவிட ஒரு சொட்டுகூடக் கம்மியில்ல."

மாசிலாமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பீபிம்மாவின் முன் கைகூப்பினார். "அம்மா, நாளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்களா நீங்கதான் முன்னால நிக்கணும்."

பாக்கியநாதன் தளர்த்திய காலரோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பீபிம்மா, இதை ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

"நீ எங்க கேட்டே? தெனம் எம்பேரு அது இல்லன்னு சண்டைக்குத்தானே வந்தே?"

"அப்ப அந்த பன்னு... அது வேற யாரோ சூசைக்குன்னு நெனச்சு, மூணு வருஷமா வாராவாரம் சாமிகிட்ட பாவம்னு சொல்லிட்டு இருந்தேனே!"

சாமியார் அவசரமாக இருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பீபிம்மா கூடையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவன் கையில் திணித்தாள். "பேரு வெச்சவ, புள்ளைய வெறும் வயித்தோட ஆபீசுக்கு அனுப்புவாளாடா?"