ரேக்குக்கு முன்னால் மூத்த மாப்பிள்ளை, பின்னால் இளைய மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று ஆபீசில் என் மானம் கப்பலேறியது. காரணம் உங்கள் இளைய மாப்பிள்ளை. எங்கள் இருவரையும் ஒரே இடத்தில் வேலைக்கு வைத்த புண்ணியவான் யாரோ, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் சுவிட்ச் என் பொறுப்பு, ஃபைல்களைச் சேமிக்கிற ஸ்டோரேஜ் பெட்டி அவர் பொறுப்பு. புதுப் பெட்டி வந்தது. அதையும் சுவிட்சையும் இரண்டு கேபிளால் இணைத்து, இரண்டும் ஒன்றாகவே வேலை செய்யும்படி கட்ட வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது சுமக்கும். அதற்கு இரு பக்கமும் மோட் போட வேண்டும். ஆக்டிவ் என்று போட்டால் அந்தப் பக்கம் தானாகப் பேச்சை ஆரம்பிக்கும். பாசிவ் என்றால் எதிர்ப்பக்கம் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் முடிகிற வேலை. ஆனால் அத்தை தவறிய அன்று, மாமா எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நானும், இல்லை எங்கள் வீட்டில்தான் என்று அவரும் முட்டிக்கொண்டதிலிருந்து நாங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே. இரண்டு பெட்டியையும் அடுக்கி வைத்திருக்கிற ரேக்குக்கு முன்னால் நான், பின்னால் அவர். கேபிள் சந்தில் அவர் மூக்கு தெரிகிறது, அப்போதும் நான் கேட்கலை. நான் ஏன் முதல்ல வாயைத் திறக்கணும், வேணும்னா அவரு கூப்பிடட்டும்னு என் பக்கம் பாசிவ் போட்டேன். அந்த மனுஷனும் அதையேதான் நினைச்சு, அவர் பக்கமும் பாசிவ் போட்டிருக்கார்.

காலையில ஒரு ஃபைலும் திறக்கலை. கட்டடப் படம் வரையறவங்க எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மேனேஜர் ரெண்டு திரையையும் பார்த்தார், சத்தமே போடலை.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. யாரும் கூப்பிடலை, அவ்வளவுதான்."

அப்பதான் எனக்கு உறைச்சுது மாமா. மகள் கூப்பிட்டு வர மாட்டேன், மாப்பிள்ளை வாயால கூப்பிட்டாத்தான் வருவேன்னு நீங்க சொன்னது எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அவரு விட்டுக்கொடுக்கட்டும்னு நான் இருந்துட்டேன். நீங்க அங்க தனியா உட்கார்ந்து ஒத்தைத் தட்டைக் கழுவிக்கிட்டு இருக்கீங்க. நினைச்சா அழுகையா வருது.

ஆகையால் இதையே அழைப்பாக ஏற்று உடனே புறப்பட்டு வரவும். மாடி ஏற வேண்டாம், கீழறையை ஒழித்து வைத்திருக்கிறேன். இளைய மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டும்போது சகலை என் மேஜைக்கு வந்து நின்றார். நேற்று எனக்குத் தெரியாமல் உங்களைக் கூப்பிடப் போயிருக்கிறார். "வீடு பூட்டியிருக்கு. முதியோர் இல்லத்துக்குப் போயிட்டாராம். உங்ககிட்டயாவது சொன்னாரா?" என்றார். மேலே அவரைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். எந்த இல்லம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை. இப்போது நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம் மாமா. மணி அடிக்கிறது. நீங்கள்தான் எடுக்கவில்லை.