கரடி வீட்டு இரைச்சல்

ஒரு காட்டில், அங்கேயும் கரண்டு வந்து சேர்ந்த பிறகு, சண்முகவேல் என்றொரு கரடி இருந்தது. அதற்குப் பாட்டு என்றால் உயிர். ஆம்ப்ளிஃபயரும் ஆளுயர ஸ்பீக்கர்களும் வாங்கிக் குகையில் வைத்திருந்தது. அதில் பிறர் பாட்டைக் கேட்பதில்லை. தானே பாடி, தானே பதிவு செய்து, தானே கேட்டுத் தலையாட்டும்.

ஒரே குறை, பாட்டைப் போட்டாலே கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது.

"தனம், என் குரல்ல ஏதோ உதைக்குதே?" என்று மனைவி தனபாக்கியத்திடம் கேட்கும்.

"உங்க குரலுக்கு என்னங்க குறை? பக்கத்துல பன்றி வீட்டு கிரைண்டர் ஓடுதுல்ல, அந்த மோட்டார் சத்தம் லைன் வழியா நம்ம செட்டுக்குள்ள வந்துடுது" என்று அது சொல்லும்.

பன்றி கிரைண்டரை நிறுத்திய நேரத்தில் கரடி பாட்டைப் போட்டால், தனபாக்கியத்துக்கு உடனே மிக்ஸியில் சட்னி அரைக்கும் வேலை வந்துவிடும்.

அந்தக் காட்டில் சிங்காரம் என்றொரு நரியும் இருந்தது. மீனுக்குக் குடை விற்ற நரி. அதற்குத் திடீரென்று ஒரு நல்ல புத்தி வந்தது. ஒரு முறையாவது உண்மையான சாமான் விற்றுப் பார்ப்போம் என்று மின்சார வேலை கற்று, கம்பிச்சுருள் சுற்றி, தானே ஒரு பெட்டி செய்தது.

"அண்ணே, இது கரண்டை வடிகட்டுற பெட்டி. பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவுல வச்சா, இரைச்சல் இதோட நின்னுடும். பாட்டு மட்டும்தான் வெளியே வரும்."

"வாங்காதீங்க அண்ணே, இவன் விக்கிறது எல்லாமே போலி" என்றது பக்கத்து வீட்டுப் பன்றி பேச்சிமுத்து.

"வேண்டாங்க, வேண்டவே வேண்டாம்" என்று தனபாக்கியம் அழாத குறையாகச் சொன்னது.

கரடி கேட்கவில்லை. பெட்டியை வாங்கியதோடு, ஞாயிற்றுக்கிழமை காலை காட்டையே அழைத்துக் குகையில் உட்காரவைத்தது. பன்றி வீட்டு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தனபாக்கியம் மிக்ஸியில் வெறும் ஜாரையே சுற்றவிட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. ஸ்பீக்கரில் அப்படியொரு அமைதி.

பிறகு பாட்டு வந்தது.

துருப்பிடித்த கேட்டை யாரோ நிதானமாகத் திறப்பது போல இருந்தது. தாயின் மடியில் இருந்த குட்டிக் குரங்கு வீறிட்டு அழுதது. பன்றி கூரையைப் பார்த்தது. "பதிவு ரொம்பத் தெளிவா இருக்கு" என்றது ஒரு மான், மிகவும் யோசித்து.

கரடியே செட்டை அணைத்தது. "இதுவா என் குரல்?" என்று மெல்லக் கேட்டது. அது உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. தேனைக் கொண்டுபோய் வைத்தாலும் தொடவில்லை. செட்டை மலையிலிருந்து உருட்டிவிட்டு, யாருக்கும் தெரியாத வேறு காட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னது.

தனபாக்கியம் நேராக நரியிடம் போனது. "உன் பெட்டி போலின்னு ஊரறியச் சொல்லு."

"அக்கா! நான் வித்ததுலயே இது ஒண்ணுதான் நல்ல சாமான்!"

"அதுதான்டா நீ பண்ணின தப்பு."

"என் வாயாலயே எப்படிக்கா சொல்லுவேன்?"

தனபாக்கியம் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டது. "பொண்ணு பார்க்க வந்தப்ப அவர் பாடினாரு. சிரிப்பை அடக்கிக்கிட்டுக் குனிஞ்சேன். வெக்கம்னு நினைச்சுட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச சிரிப்புதான் எனக்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அவர் பாடாத குகையில எனக்கு என்னடா இருக்கு?"

நரி வெகுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்து வந்து குகை வாசலில் நின்றது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பெட்டி போலி. நல்ல குரலைக்கூடக் கெடுத்துக் காட்டும். நான்…"

முடிக்க விடவில்லை. காடு உடனே நம்பிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று பன்றி குதித்தது. கரடி வெளியே வந்தது. மூன்று கலயம் தேனைக் காலி செய்தது. பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்தது. "போகட்டும் தம்பி, பிழைக்கத் தெரியாம ஏதோ பண்ணிட்டே" என்று நரியைப் பெரிய மனதோடு மன்னித்தது. அந்த மகிழ்ச்சியில், செட்டே இல்லாமல், வெறும் வாயால் பாடத் தொடங்கியது.

தனபாக்கியம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. கணவனின் பாட்டில் உருகி அழுகிறது என்று நினைத்து மான்கள் ஆறுதல் சொல்லின. நரி மட்டும் ஆற்றங்கரையில் நின்று, பெட்டி மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: வாழ்நாளில் ஒரே ஒரு முறை நல்ல சாமான் விற்க ஆசைப்படும் நரி, முதலில் வாங்குகிறவரின் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.